சந்திராவா, ஆஸ்ட்ரோசாட்டா, ஈரோசிட்டாவா? எக்ஸ் கதிர் வானியலில் முதல் ஆய்வுக்கு எதை எடுப்பது

அல்சூர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது அக்கா மகள் கேட்டாள்: "மாமா, புராஜெக்ட் தலைப்பை வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்தாகணும். மூணு இருக்கு, மூணுமே பிடிச்சிருக்கு. எதை எடுக்கட்டும்?"

அவள் பெங்களூருவில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கையில் இருப்பது ஐந்து மாதம், ஒரு லேப்டாப், வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஒதுக்கித் தரும் ஒரு வழிகாட்டி. நான் எக்ஸ் கதிர் வானியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு இப்போது வேறு வேலைக்கு வந்துவிட்டேன். ஆனாலும் இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் உட்கார்ந்து பேசாமல் என்னால் இருக்க முடியாது. அன்று இருட்டும் வரை ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அவளிடம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே தவிப்பில் இருக்கும் பிள்ளைகள் இந்த ஊரிலேயே இன்னும் சிலர் இருப்பார்கள்.

அவளுக்கு முன்னால் இருந்த மூன்று வழிகள் இவை. சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளையின் ஒளி ஒரு விநாடிக்குள் எப்படியெல்லாம் ஏறி இறங்குகிறது என்பதை ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் லாக்ஸ்பெக் கருவித் தரவில் பார்ப்பது ஒன்று. எம்51 என்ற சுருள் கேலக்ஸியில் சிதறிக் கிடக்கும் எக்ஸ் கதிர்ப் புள்ளிகளைச் சந்திரா தொலைநோக்கியின் படங்களில் தேடி எடுத்து, எது எந்த வகை என்று பிரிப்பது இன்னொன்று. ஈரோசிட்டா என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் குழு வெளியிட்ட பெரிய பட்டியலில் இருந்து சில ஆயிரம் கேலக்ஸி மையங்களை எடுத்து, அவற்றின் எக்ஸ் கதிருக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் உள்ள உறவைத் தேடுவது மூன்றாவது. எதற்கும் காசு கிடையாது. புதிதாக வானைப் பார்க்க விண்ணப்பம் போடவும் வேண்டாம். ஏற்கெனவே பொதுவில் வந்துவிட்ட தரவு போதும்.

தொலைநோக்கிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் கொஞ்சம் இயற்பியல் பேசிவிடலாம்.

எக்ஸ் கதிர் தரைக்கு வராது. வளிமண்டலம் அதை மேலேயே உறிஞ்சிவிடும். ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் இரவெல்லாம் கண்விழித்தாலும் வானத்திலிருந்து ஒரு எக்ஸ் கதிர் வந்து சேராது. அதனால்தான் 1962 ஜூன் 18 அன்று ரிக்கார்டோ ஜியாக்கோனி குழுவினர் ஒரு சிறிய ராக்கெட்டில் கருவியை ஏற்றிச் சில நிமிடங்களுக்கு மேலே அனுப்பினார்கள். நிலவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்க்கப் போனவர்களுக்கு விருச்சிகத்தின் திசையில் ஒரு பெரிய வெளிச்சம் அகப்பட்டது. ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 என்று அதற்குப் பெயர். சூரியக் குடும்பத்துக்கு வெளியே நாம் கண்ட முதல் எக்ஸ் கதிர் மூலம் அது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2002-ல், ஜியாக்கோனிக்கு நோபல் பரிசு வந்தது.

அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? ஒரு நியூட்ரான் விண்மீனோ கருந்துளையோ பக்கத்து விண்மீனின் வாயுவை இழுக்கிறது. வாயு நேராக உள்ளே விழுவதில்லை. சுழன்று சுழன்று வட்டாகப் படிந்து, உராய்ந்து சூடேறி, உள்விளிம்புக்கு வரும்போது எக்ஸ் கதிரை உமிழும் அளவுக்குக் கொதித்துப்போகிறது. இதைத் திரள்வட்டு என்கிறோம். சூரியனுக்குள் ஹைட்ரஜன் இணையும்போது நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாக மாறுகிறது. கருந்துளையை நோக்கி விழும் பொருளோ ஏறத்தாழ 10 சதவீதத்தை ஒளியாக வெளியே விட்டுவிட்டு உள்ளே போகிறது. விழுவதில் இவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அடுத்ததுதான் தேர்வைத் தீர்மானிக்கப் போகிற விஷயம். எக்ஸ் கதிர் வானியலில் ஒளி ஆறாக ஓடி வருவதில்லை, சொட்டுச் சொட்டாக வருகிறது. ஒவ்வொரு ஃபோட்டானையும் தனியாகப் பிடித்து, கல்யாண வீட்டு மொய் நோட்டில் பேர், ஊர், தொகை எழுதுகிற மாதிரி, ஒரு வரி எழுதிக்கொள்கிறோம்: எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்த நேரத்தில் வந்தது, எவ்வளவு ஆற்றலோடு வந்தது. இந்தத் துறையில் எல்லாருடைய தரவும் கடைசியில் இப்படி ஒரு நோட்டுதான். ஆனால் மூன்று பத்தியையும் ஒரே அளவு திருத்தமாக எழுதும் கருவி இன்றுவரை இல்லை. ஒன்றைக் கூர்மையாக எழுத இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நம் கேள்விக்கு எந்தப் பத்தி இல்லாமல் முடியாது என்று தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

எம்82-ல் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் நன்றாகப் புரியும். சுமார் 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் கேலக்ஸி அது. அதன் நடுவில் எக்ஸ்-1, எக்ஸ்-2 என்று மிகப் பிரகாசமான இரண்டு மூலங்கள் இருக்கின்றன. வானில் அவற்றுக்கு இடையே வெறும் 5 ஆர்க்செகண்ட் தூரம். ஒரு டிகிரியை 3,600 துண்டாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு ஆர்க்செகண்ட். சந்திரா அரை ஆர்க்செகண்ட் வரை பிரித்துப் பார்க்கும் என்பதால் அதற்கு இரண்டும் தனித்தனிப் புள்ளிகள். 2014-ல் நுஸ்டார் தொலைநோக்கி அதே கேலக்ஸியில் வெடித்த ஒரு சூப்பர்நோவாவைப் பார்ப்பதற்காக அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. நுஸ்டாரின் பார்வை 18 ஆர்க்செகண்ட். அதற்கு இரண்டும் சேர்ந்து ஒரே குமிழாகத்தான் தெரிந்தது. ஆனால் நேரத்தைத் துல்லியமாக எழுதும் கருவி அது. அந்தக் குமிழிலிருந்து 1.37 விநாடிக்கு ஒருமுறை சீரான துடிப்பு வந்துகொண்டிருந்ததைக் கண்டார்கள். கருந்துளைக்குத் தளம் கிடையாது, இப்படி மணிக்கூண்டு போல் துடிக்காது. துடிப்பது சுழலும் நியூட்ரான் விண்மீனாகத்தான் இருக்க வேண்டும். எந்தப் புள்ளி துடித்தது என்று பிரித்துச் சொல்லச் சந்திராவின் படம் கைகொடுத்தது: எக்ஸ்-2. அதுவரை கருந்துளை என்றே பலரும் எண்ணிவந்த பொருள் அது. ஒளியின் அழுத்தமே விழும் பொருளைப் பின்னுக்குத் தள்ளிவிடும் எல்லை ஒன்று உண்டு, எடிங்டன் வரம்பு என்று பெயர். அந்த நியூட்ரான் விண்மீன் அந்த வரம்பைப் போல் சுமார் 100 மடங்கு ஒளிர்ந்துகொண்டிருந்தது.

சந்திராவே ஏன் அந்தத் துடிப்பைப் பிடிக்கவில்லை? வழக்கமான முறையில் அதன் கேமரா 3.2 விநாடிக்கு ஒருமுறைதான் தன் சிப்பை வாசிக்கும். 1.37 விநாடித் துடிப்பு அந்த இடைவெளிக்குள் கரைந்துவிடும். இடம் தெரிந்தவருக்கு நேரம் தெரியவில்லை, நேரம் தெரிந்தவருக்கு இடம் தெரியவில்லை. இதைச் சொன்னதும் அவள், "அப்போ ரெண்டும் சேர்ந்தாதான் கதை முடியுது" என்றாள். அதேதான். ஆனால் ஐந்து மாதத்தில் இரண்டையும் சேர்க்க முடியாது, ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

ஆஸ்ட்ரோசாட்: நேரம் தெரிந்த கருவி

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி30 ஏற்றிச்சென்ற இந்தச் செயற்கைக்கோள் 650 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகிறது. அதில் லாக்ஸ்பெக் என்பது மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் செய்த கருவி: செனான் வாயு நிரப்பிய மூன்று பெரிய எண்ணிகள், 3 முதல் 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றலுள்ள ஃபோட்டான்களைப் பிடிக்கும். ஃபோட்டான் வந்த நேரத்தை விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் எழுதும். பரப்பு பெரியது என்பதால் சிக்னஸ் எக்ஸ்-1 போன்ற பிரகாசமான பொருளிலிருந்து விநாடிக்கு ஆயிரக்கணக்கில் ஃபோட்டான்கள் விழும். நோட்டு நிரம்பி வழியும்.

சிக்னஸ் எக்ஸ்-1 முதல் ஆய்வுக்கு நல்ல பொருள். பெரும்பாலும் எப்போதும் ஒளிர்ந்துகொண்டிருக்கும், 5.6 நாளுக்கு ஒருமுறை துணை விண்மீனோடு சுற்றி வரும். 2021-ல் திருத்திய கணக்கின்படி கருந்துளையின் நிறை சூரியனைப் போல் 21 மடங்கு. அதன் ஒளியின் ஏற்ற இறக்கத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்தால் எந்த வேகத்தில் எவ்வளவு நடுங்குகிறது என்று தெரியும். இன்னொன்று இதைவிட அழகு: ஆற்றல் மிகுந்த ஃபோட்டான்கள் ஆற்றல் குறைந்தவற்றுக்குச் சற்றுப் பிந்தி வருகின்றன. வட்டின் வெளிப்பகுதியில் கிளம்பிய சலனம் உள்ளே நகர்ந்து சூடான பகுதியை எட்டக் கொஞ்ச நேரம் ஆகிறது என்பது இதற்குப் பலரும் ஏற்கும் விளக்கம். யாராலும் படம் எடுக்க முடியாத அளவு சிறிய வட்டு அது. அதன் உள்ளமைப்பை வெறும் தாமதத்தை வைத்து அளக்கிறோம். ஃபூரியர் மாற்றம் பிடித்தவர்கள் இந்த வேலையில் மூழ்கிவிடுவார்கள். சோறு கூப்பிட்டாலும் காதில் விழாது.

இதில் நம் நாட்டுக்கு நீண்ட பழக்கமும் உண்டு. ஹைதராபாத்திலிருந்து பலூன்களில் கருவியை ஏற்றிப் பார்த்த காலம், அதன் பிறகு 1996 மார்ச்சில் ஐ.ஆர்.எஸ்.-பி3 செயற்கைக்கோளில் போன சிறிய எக்ஸ் கதிர்ப் பரிசோதனை, அதற்குப் பிறகு ஆஸ்ட்ரோசாட். இந்தத் தரவு வந்து இறங்கும் பியாலாலு, பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இருக்கிறது. சந்தேகம் கேட்க ஆள் கிடைக்கும், அதுவும் இந்திய நேரத்தில் கிடைக்கும். தனியாக உட்கார்ந்து தடுமாறும் மாணவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் லாக்ஸ்பெக் படம் எடுக்காது. சுமார் ஒரு டிகிரி அகலமுள்ள வானத்திலிருந்து என்ன வந்தாலும் ஒரே நோட்டில் எழுதிவிடும். முழு நிலவு போல் இரண்டை அருகருகே வைக்கலாம் அவ்வளவு அகலத்தில். இது என்னைச் சுட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நான் மாணவனாக இருந்தபோது, இதேபோல் படம் எடுக்காத ஒரு பழைய கருவியின் தரவில் மங்கலான ஒரு கேலக்ஸியை எடுத்தேன். நிறமாலை அருமையாக வந்தது. 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இரும்பின் கோடு எழும்பி நின்றது. இரண்டு மாதம் அதற்கு மாடல் பொருத்திக்கொண்டிருந்தேன். ஒரு கருத்தரங்கில் வேறொரு குழுவின் மூத்த ஆய்வாளர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அதுக்குப் பக்கத்துல அரை டிகிரி தள்ளி இன்னொண்ணு இருக்கே, அதைப் பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. நான் அளந்த ஒளியில் பெரும்பகுதி அந்தப் பக்கத்து மூலத்தினுடையது. என் பிழையை என் தரவை வைத்தே கண்டுபிடிக்க எனக்கு வழி இருக்கவில்லை. வேறொரு தொலைநோக்கியின் படம் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து தரவைத் திறப்பதற்கு முன் அந்தத் திசையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

சிக்னஸ் எக்ஸ்-1 போன்ற பிரகாசமான பொருளுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. மங்கலான கேலக்ஸிகளை லாக்ஸ்பெக்கில் பார்க்க நினைப்பவர்கள்தான் பயப்பட வேண்டும். மற்றபடி, பூமி குறுக்கே வந்து மறைப்பதால் சுற்றுக்குச் சுற்று தரவில் இடைவெளி விழும். அந்த இடைவெளிகளே போலியான துடிப்பைக் காட்டலாம். மூன்று எண்ணிகளில் ஒன்று 2018-ல் அணைக்கப்பட்டது, இன்னொன்றும் அதே ஆண்டு நிலையற்றுப்போனது. ஆகவே அதற்குப் பிந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் லாக்ஸ்பெக்20 என்ற ஒரே எண்ணியை நம்பியிருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர்கள் 2018-க்கு முந்தைய தரவை எடுப்பது நல்லது.

சந்திரா: இடம் தெரிந்த கருவி

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-ல் கப்பலேறி, வெள்ளைக் குறுவிண்மீனுக்கு ஒரு நிறை வரம்பு உண்டு என்று கணக்குப் போட்டவர் சுப்ரமணியன் சந்திரசேகர். அவர் பெயரால் அழைக்கப்படும் தொலைநோக்கி 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் மேலே போனது. கால் நூற்றாண்டு கடந்த பிறகும் எக்ஸ் கதிரில் இதைவிடக் கூர்மையான கண் வேறு இல்லை. நீள்வட்டப் பாதையில் 64 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுவதால், பூமி குறுக்கிடாமல் ஒரே பொருளை நாள் கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும்.

எம்51 சப்தரிஷி மண்டலத்தின் வால்நுனியில் இருக்கும் மரீசிக்கு அருகே இருக்கிறது. சுமார் 2.8 கோடி ஒளியாண்டு. அவ்வளவு தூரத்தில் அரை ஆர்க்செகண்ட் என்பது 70 ஒளியாண்டுக்கு நெருக்கம். சுருள் கரங்களின் மேல் தனித்தனியாக மின்னும் புள்ளிகளைப் பிரித்து எடுக்க அது போதும். படத்தைப் போட்டுக் காட்டினேன். வெறும் ஒளித்திட்டாக அவள் பாடப்புத்தகத்தில் பார்த்த கேலக்ஸி, இங்கே நடுவில் ஒரு பெரும் கருந்துளை, சுற்றிலும் வெப்ப வாயுவின் மூட்டம், அதற்கு மேல் அள்ளித் தெளித்த புள்ளிகளாக இருந்தது.

அந்தப் புள்ளிகளைப் பிரிப்பதுதான் வேலை. கருந்துளையோ நியூட்ரான் விண்மீனோ ஒரு நிறைமிகு விண்மீனோடு சேர்ந்த இரட்டைகள் சுருள் கரங்களை ஒட்டியே இருக்கும். அந்த விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குமேல் வாழ்வதில்லை என்பதால் பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போவதற்குள் முடிந்துவிடுகின்றன. ஆகவே ஒரு கேலக்ஸியில் இவற்றின் மொத்த ஒளியை அளந்தால், அங்கே ஆண்டுக்கு எவ்வளவு விண்மீன் பிறக்கிறது என்று மதிப்பிடலாம். சிறிய விண்மீனோடு சேர்ந்த இரட்டைகள் நிதானமானவை, நூறு கோடிக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொள்பவை. அவற்றின் மொத்த ஒளி கேலக்ஸியில் சேர்ந்திருக்கும் விண்மீன் நிறையைச் சொல்லும். ஒன்று ஊரில் இந்த ஆண்டு எத்தனை பிள்ளை பிறந்தது என்ற கணக்கு, இன்னொன்று ஊரில் மொத்தம் எத்தனை பேர் என்ற கணக்கு. இரண்டையும் எக்ஸ் கதிரை வைத்து எடுக்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

பழைய தரவு என்று நினைக்க வேண்டாம். 2012-ல் சந்திரா எடுத்த எம்51 தரவைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு குழு திரும்ப எடுத்துப் பார்த்தபோது, ஒரு பிரகாசமான இரட்டையின் எக்ஸ் கதிர் ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு அணைந்து மறுபடி எரிந்தது தெரிந்தது. சனி அளவிலான ஒரு கோள் குறுக்கே போயிருக்கலாம் என்று 2021-ல் எழுதினார்கள். உறுதியாகவில்லை, கோளாக இருக்கக்கூடியது என்ற அளவில்தான் நிற்கிறது. ஆனாலும் வேறொரு கேலக்ஸியில் ஒரு கோளைப் பற்றிப் பேச வைத்தது அலமாரியில் கிடந்த பழைய நோட்டு.

இதற்கும் கஷ்டங்கள் உண்டு. பெரும்பாலான புள்ளிகளில் ஃபோட்டான் பத்து, இருபது என்றுதான் இருக்கும். அவற்றுக்கு நிறமாலை வரைய முடியாது. தாழ், நடு, உயர் ஆற்றல் என்று மூன்று கூடையில் போட்டு விகிதம் பார்க்கலாம், அவ்வளவுதான். சில புள்ளிகள் எம்51-க்குச் சம்பந்தமே இல்லாதவை; பின்னால் பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் கருந்துளைகள் ஊடாகத் தெரிகின்றன. எது அப்படி என்று தனியாகச் சொல்ல முடியாவிட்டாலும் எத்தனை அப்படி இருக்கும் என்று சொல்லலாம். சந்திரா ஒரே வெற்று வானத் துண்டை 70 லட்சம் விநாடிகள் பார்த்து ஆயிரத்துச் சொச்சம் மூலங்களை எண்ணியிருக்கிறது. அதிலிருந்து ஒரு பரப்பில் பின்புலத்தவர் எத்தனை பேர் என்ற கணக்கு வந்துவிடும். இன்னொரு கவனம்: கேமராவின் வடிகட்டியில் ஆண்டுக்கு ஆண்டு மாசு படிந்து, தாழ் ஆற்றலில் அதன் உணர்திறன் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பழைய படத்தையும் புதிய படத்தையும் நேராக ஒப்பிட்டால் புள்ளி மங்கிவிட்டது போல் தோன்றும். மங்கியது வடிகட்டி.

ஆனால் இந்தக் கஷ்டங்கள் எல்லாம் கண்முன்னே தெரிபவை. ஒரு புள்ளி சந்தேகமாக இருந்தால் படத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நீயே பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படத்தை மேலே வைத்துப் பார்க்கலாம். பிழை செய்தால் யாராவது கருத்தரங்கில் சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எனக்கு அந்த வசதி இல்லாமல் போனதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். சந்திராவின் தரவை அலசப் பயன்படும் சியாவோ மென்பொருளுக்கு எழுதிவைத்திருக்கும் செய்முறை விளக்கங்களும் படிப்படியாக, ஒரு பொறுமையான ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல் இருக்கும்.

ஈரோசிட்டாவும் மற்றவையும்

2024 ஜனவரி 31 அன்று ஈரோசிட்டாவின் ஜெர்மானியக் குழு பாதி வானத்தின் முதல் பட்டியலை வெளியிட்டது. ஏறத்தாழ 9 லட்சம் மூலங்கள். அவற்றில் 7 லட்சத்துக்கு மேல் தொலைதூரக் கேலக்ஸிகளின் நடுவில் பொருளை விழுங்கும் பெருங்கருந்துளைகள். வெறும் ஆறு மாதத்தில் சேர்த்தது. பைதான் நன்றாக வரும் ஒருவர் மூன்றாவது வாரமே வரைபடங்கள் போட்டுவிடலாம்.

அதுதான் எனக்குத் தயக்கம். இங்கே ஃபோட்டானைத் தொடாமலேயே முடிவு வந்துவிடும். வேறொருவர் எழுதிய நோட்டின் கூட்டுத்தொகையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வேலை செய்வது போல. பிரகாசமானவை மட்டுமே தூரத்திலும் தெரியும் என்ற எளிய காரணத்தாலேயே, தூரம் கூடக்கூட ஒளி கூடுவது போன்ற பொய்யான உறவுகள் பட்டியலிலிருந்து எழும்பி வரும். அனுபவசாலிகளே இதில் சறுக்கியிருக்கிறார்கள். முதல் ஆய்வை முடித்த பிறகு, இரண்டாவதாக எடுத்தால் இது பொன்னான தரவு. தரவு அறிவியல் பக்கம் வேலைக்குப் போகப் போகிறேன், வானியலில் ஒரு நல்ல உதாரணம் கையில் இருந்தால் போதும் என்பவர்களுக்கு முதலாவதாகவே எடுக்கலாம், தவறில்லை.

நடுவில் ஒருவர் உண்டு: எக்ஸ்எம்எம்-நியூட்டன். 1999 டிசம்பர் 10-ல் போனது. மூன்று தொலைநோக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்குள் ஒன்றாக 58 கண்ணாடிகள். சந்திராவைவிட மிக அதிகமாக ஃபோட்டான் சேர்க்கும், பார்வை 15 ஆர்க்செகண்ட் அளவில் மங்கல். கேலக்ஸியின் வெப்ப வாயுவுக்கு நிறமாலை வேண்டுமென்றால் இதுதான் சரி. எம்51-ல் புள்ளிகளைப் பிரிக்க இது உதவாது.

எக்ஸ்போசாட் என்ற இந்தியச் செயற்கைக்கோளைப் பற்றியும் அவள் கேட்டாள். 2024 புத்தாண்டு அன்று போனது. அதன் போலிக்ஸ் கருவியைச் சதாசிவநகரில் இருக்கும் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் செய்தார்கள் என்பதால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதன்மேல் தனிப் பிரியம். எக்ஸ் கதிர் எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதை அளப்பது அது. மொய் நோட்டில் நான்காவதாக ஒரு பத்தி. ஆனால் அதை அளக்க மலைபோல் ஃபோட்டான் வேண்டும், மிகப் பிரகாசமான சிலவற்றை மட்டுமே பார்க்க முடியும், பகுப்பாய்வும் இன்னும் இளையது. முனைவர் பட்டத்துக்கு வா, அப்போது இதைப் பற்றிப் பேசலாம் என்றேன்.

என் பதில்

"சரி மாமா, எதை எடுக்கட்டும்னு சொல்லவே இல்லையே."

திருப்பிக் கேட்டேன்: "கருந்துளையைப் பத்தி உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?"

கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு கேலக்ஸில இதெல்லாம் எத்தனை இருக்கும், எங்கெங்க இருக்கும், ஏன் அங்க இருக்குன்னு."

அவள் கேள்வியில் மூன்று தடவை இடம் வந்துவிட்டது, நேரம் ஒரு தடவைகூட வரவில்லை. அவளுக்குச் சந்திராதான். "ஏன் நடுங்குது, எவ்வளவு வேகமா நடுங்குது" என்று கேட்டிருந்தால் தயங்காமல் ஆஸ்ட்ரோசாட் என்றிருப்பேன். ஒலி, சிக்னல், ஃபூரியர் என்று கையில் ஏற்கெனவே பழக்கம் உள்ள பிள்ளைகளுக்கு இன்றும் அதைத்தான் சொல்வேன். பெங்களூருவில் இருந்துகொண்டு அதைச் செய்வதில் துணையும் அதிகம். வழிகாட்டி அந்தக் கருவியில் வேலை செய்தவர் என்றால் இரண்டாவது யோசனையே வேண்டாம். வாரத்துக்கு அரைமணி நேரமானாலும் அந்த அரைமணி நேரம் சந்திராவின் எல்லா விளக்கக் குறிப்புகளையும்விட உயர்ந்தது. அவளுடைய வழிகாட்டி எல்லாம் கலந்து செய்பவர் என்பதால் அந்தக் கணக்கு அவளுக்குப் பொருந்தவில்லை.

கால அளவையும் சேர்த்துப் பார்த்தோம். மென்பொருள் நிறுவி, தரவை இறக்கி, மறுபடி சீராக்கிப் பழக ஒரு மாதம். புள்ளிகளைத் தேடி எடுத்துப் பட்டியல் போட ஒன்றரை மாதம். வகை பிரிக்கவும் பின்புலத்தவரைக் கழிக்கவும் ஒன்றரை மாதம். எழுத ஒரு மாதம். எம்51-ஐச் சந்திரா பார்த்த எல்லாத் தடவைகளையும் இணைக்க வேண்டாம், நீளமான ஒன்றிரண்டை மட்டும் எடு, லேப்டாப் தாங்கும் என்றேன். நேரம் மிஞ்சினால் ஒரு நீள்வட்டக் கேலக்ஸியையும் எடுத்து ஒப்பிடலாம். அங்கே சுருள் கரம் இல்லை, புதிய விண்மீன் அநேகமாகப் பிறப்பதில்லை, புள்ளிகளில் கணிசமானவை விண்மீன்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் கோளக் கொத்துகளில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வேற்றுமை ஒன்றே ஒரு நல்ல அத்தியாயம்.

வெள்ளிக்கிழமை எம்51 என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மூன்று வாரம் கழித்து இரவு பதினொரு மணிக்குப் போன் வந்தது.

"மாமா, புள்ளி தேடுற வேவ்டிடெக்ட் புரோகிராம் ஓடிருச்சு. வெளிக் கரத்துல ஒண்ணு இருக்கு, பாருங்க, அனுப்பியிருக்கேன். மொத்தமே பதினேழு ஃபோட்டான். இதுக்கு எப்படி மாடல் பொருத்தறது?"

மாடல் எவ்வளவு பொருந்துகிறது என்று அளக்கக் கை-ஸ்கொயர் போடாதே, இவ்வளவு குறைவாக இருந்தால் அது பொய் சொல்லும், குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற கேஷ் புள்ளியியலைப் போடு என்றேன். பிறகு பதினேழு ஃபோட்டானுக்கும் ஆற்றலை வரிசையாக வாசிக்கச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாக வாசிக்க, நான் ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக் குறித்துக்கொண்டே வந்தேன். தாழ் ஆற்றலில் மூன்று, நடுவில் ஆறு, உயர் ஆற்றலில் எட்டு.

"பின்னாடி இருக்கிறவங்கள்ல ஒருத்தரா இருக்குமோ?" என்று அவளே கேட்டாள்.